வீடுகள் முடியும் இடம்வரை

டெக்லாவின் வீட்டு வாசலில் ஓர் ஊர் முடிகிறது.

வாசலுக்கு நேர் எதிரே ஒரு கம்பம். கம்பத்தில் ஒரு பலகை. பலகையில் 'லிப்னிக்' என்று ஊர்ப் பெயரை எழுதி, அதன்மேல் குறுக்கே சிவப்புக் கோடு போட்டிருந்தார்கள். லிப்னிக் இத்துடன் முடிந்தது என்று அர்த்தம். பக்கத்திலேயே இன்னொரு பலகை. அதில் கோடு இல்லாமல் 'ஹுட்னா' என்று இருக்கும்.

"தப்புக் கணக்கை டீச்சர் அடிச்ச மாதிரி உங்க ஊரை அடிச்சு வெச்சிருக்காங்க பாரு," என்று அலோய்ஸ் தினமும் ஒருமுறையாவது சொல்வான்.

"போடா, காலையில இந்தப் பக்கம் வர்றப்ப பாரு. உங்க ஊரையும்தான் அடிச்சு வெச்சிருக்காங்க," என்பாள் டெக்லா.

அலோய்ஸ் ஹுட்னாக்காரன். அதே தெருவில் ரயில் பாலத்துக்கு அடியில் புகுந்து, ஒரு வளைவு திரும்பினால் அவன் வீடு. இருவருக்கும் ஒரே பள்ளிக்கூடம், ஒரே வகுப்பு, ஒரே பெஞ்சு. தெருவும் ஒன்றுதான். ஒரே மாதிரிச் செங்கல் வீடுகள், ஒரே மாதிரிச் சிவப்பு ஜன்னல் சட்டங்கள், குளிர்காலமானால் ஒரே கரிப்புகை. ஊர் மட்டும்தான் வேறு.

நவம்பர் கடைசியில் லிடியா டீச்சர் ஒரு பெரிய படத்தைக் கரும்பலகையில் ஒட்டினார். விமானத்தில் இருந்து எடுத்த படம். சாம்பலும் சிவப்புமாகப் புள்ளிகள், கோடுகள். பெயர் ஒன்றுகூட இல்லை.

"லிப்னிக் எங்க இருக்கு? யாராவது வந்து வட்டம் போடுங்க," என்றார்.

நாலு பேர் போனார்கள். நாலு பேரும் நாலு இடத்தில் வட்டம் போட்டார்கள். ஒருவன் மாதாகோவில் கோபுரம் என்று காட்டியது எந்த ஊர்த் தண்ணீர்த் தொட்டியோ.

"எங்க முடியுதுன்னே தெரியல டீச்சர். எங்க வீட்டுல உருளைக்கிழங்கு அடை ஊத்தினா, சட்டியில எல்லாம் ஒண்ணா ஒட்டிக்குமே, அந்த மாதிரி இருக்கு," என்றாள் டெக்லா.

வகுப்பு சிரித்தது. டீச்சர் சிரிக்கவில்லை.

"அதேதான். ஜனங்களைக் கணக்கெடுக்கிறவங்களும் ஊர்ப் பேரையெல்லாம் மறைச்சிட்டுத்தான் பார்ப்பாங்க. ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவுல எவ்வளவு காலி இடம்னு பார்ப்பாங்க. இருநூறு மீட்டருக்குள்ள அடுத்த கட்டடம் வந்துட்டா இன்னும் அதே நகரம்தான். வராம வெறும் வயலா போச்சுன்னா, அங்க முடிஞ்சுது. யாரு எந்த ஊர்ல தூங்கி எழுந்து எந்த ஊருக்கு வேலைக்குப் போறாங்கன்னும் பார்ப்பாங்க."

"அப்போ மேயர்?" என்றான் ஒருவன்.

"மேயர் ஊருக்கு ஒருத்தர். வீடுங்க மேயரைக் கேட்டுக்கிட்டா முளைக்குது?"

டெக்லா திரும்பி அலோய்ஸைப் பார்த்தாள். வழக்கமாக இந்த மாதிரி நேரத்தில் அவன்தான் முதலில் கேலி பேசுவான். இன்று படத்தைக்கூடப் பார்க்காமல், பெஞ்சில் இருந்த ஒரு கீறலை நகத்தால் ஆழமாக்கிக்கொண்டிருந்தான்.

வீட்டுக்குப் போகும்போது அவளே கேட்டாள்.

"என்னடா ஆச்சு?"

ஒரு கல்லை உதைத்துக்கொண்டே நடந்தான். பிறகு சொன்னான்.

"அப்பா பேசறதே இல்ல."

அலோய்ஸின் அப்பா வில்லிம், ஹுட்னா நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். சுரங்கத்தின் வாத்தியக்குழுவில் ட்யூபா என்ற பெரிய பித்தளைக் கொம்பை ஊதியவர். வசந்தத்தில் சுரங்கத்தை மூடினார்கள். கோடையில் குழுவையும் கலைத்தார்கள். ட்யூபாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்த அவர், இலையுதிர் காலத்தில் படிக்கட்டில் வழுக்கிக் காலை உடைத்துக்கொண்டார். இப்போது மூன்றாவது மாடியில், சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறார்.

"உப்பு வேணும்னா 'உப்பு'ம்பாரு. அவ்வளவுதான். நேத்து அம்மாகிட்ட மட்டும் ஒண்ணு சொன்னாரு. 'பார்பரா நாள் அன்னிக்கு ஜன்னலை இறுக்கிச் சாத்தி வை. எப்படியும் கீழ யாரும் வரப் போறதில்ல'ன்னு."

டெக்லா நின்றுவிட்டாள்.

டிசம்பர் நாலாம் தேதி, சுரங்கக்காரர்களின் காவல் தெய்வமான புனித பார்பராவின் நாள். அன்று விடியும் முன்பே வாத்தியக்குழு தெருத் தெருவாக வந்து சுரங்கக்காரர்களை எழுப்பும். கறுப்புச் சீருடை, தொப்பியில் சிவப்பு இறகு. குழு ஜன்னலுக்குக் கீழே வந்து ஊதாத பார்பரா நாளை டெக்லா ஒருபோதும் பார்த்ததில்லை. அலோய்ஸும் பார்த்ததில்லை. அவன் அப்பா பார்த்திருக்கவே முடியாது.

"எங்க குழு வருமே," என்றாள்.

"உங்க குழு உங்க வீட்டு வாசல்ல கம்பத்தைப் பார்த்ததும் திரும்பிப் போயிடும். எப்பவும் அப்படித்தானே?"

ஆமாம். எப்போதும் அப்படித்தான்.

மறுநாள் மாலை டெக்லா தீயணைப்பு நிலையத்தின் மாடிக்குப் போனாள். அங்கேதான் லிப்னிக் குழு ஒத்திகை பார்க்கும். உள்ளே இருபது பேர், இருபது கருவிகள், ஒரே இரைச்சல். நடுவில் குழுத்தலைவர் கிந்தர் ஐயா கோலும் கையுமாக நின்றிருந்தார். அவர் ஒரு வார்த்தை பேசுவதற்கு முன் மூன்று வார்த்தைகளை யோசித்துத் தள்ளிவிடுகிறவர் என்று ஊரில் சொல்வார்கள்.

டெக்லா விஷயத்தைச் சொன்னாள். சொல்லி முடிக்கும்போது அறை அமைதியாகியிருந்தது.

"பாப்பா, அந்தக் கம்பத்தை எந்தக் குழுவும் தாண்டினதில்ல," என்றார் ட்யூபாக்காரர் எர்வின். ட்யூபாவைவிட அவர் கொஞ்சம்தான் சின்னவர். "எங்க சுரங்கம் வேற, அவங்க சுரங்கம் வேற. அவங்க தெருவுல போயி நாம ஊதினா, வாளித் தண்ணியைத் தூக்கித் தலையில ஊத்துவாங்க. டிசம்பர்ல!"

"அவங்க தெருவுல ஊத இப்ப யாருமே இல்லையே மாமா."

எர்வின் ட்யூபாவை மடியில் இறக்கினார்.

கிந்தர் ஐயா கூரையைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"போகலாம்," என்றார் கடைசியில். "ஆனா ஊர்வலம்னா அதுக்கு ஒரு முடிவு வேணும். கம்பம் இருந்தா கம்பத்துல திரும்பிடுவேன். கம்பம் இல்லைன்னா எங்க திரும்பறது?"

டெக்லாவுக்கு வகுப்பில் பார்த்த படம் நினைவுக்கு வந்தது.

"வீடு முடியற இடத்துல திரும்புங்க ஐயா. ஒரு வீட்டைத் தாண்டி இருநூறு மீட்டருக்கு இன்னொரு வீடே இல்லைன்னா, அங்க திரும்பிடலாம்."

"அட, அது பெரிய விஷயமே இல்ல," என்று எர்வின் தொடையைத் தட்டினார். "ஹுட்னாவுக்கு அந்தப் பக்கம் வெள்ளைப் பட்டை மரமா நிக்கிற வெறும் பூர்ச்சங்காடு. சின்ன வயசுல அங்க காளான் பொறுக்கியிருக்கேன். அரைமணி நேர வேலை. திரும்பி வந்து சூடா சாப்பிடலாம்."

கிந்தர் ஐயா தலையசைத்தார். "வீடு முடியற இடம்வரை. சொன்னா சொன்னதுதான்."

டெக்லாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். பெரியவர்களிடம் குலுக்குவது போலவே குலுக்கினார்.

பார்பரா நாள் அந்த வருஷம் சனிக்கிழமையில் வந்தது. தரையெல்லாம் உறைபனி. இருட்டில் குழு தெரு முழுக்க ஊதிக்கொண்டு வந்தது. டெக்லா கோட்டை மாட்டிக்கொண்டு முன்வரிசைக்குப் பக்கத்தில் நடந்தாள்.

கம்பம் வந்தது.

முரசு ஒரு தட்டுத் தவறியது. வருஷக்கணக்காகக் கால்களுக்கு அங்கே திரும்பித்தான் பழக்கம். முன்வரிசையில் இருவர் தங்களையறியாமல் திரும்பியேவிட்டார்கள். பின்னால் வந்தவர்கள்மேல் முட்டி, ஒரு எக்காளம் கீச்சென்று கத்தியது.

"நேரே!" என்றார் கிந்தர் ஐயா.

நேரே போனார்கள்.

ரயில் பாலத்துக்கு அடியில் நுழைந்ததும் இசை பல மடங்காகப் பெருகியது. கற்கள் அதை வாங்கி வாங்கித் திருப்பிக் கொடுத்தன. வெளியே வந்தபோது ஹுட்னாவின் ஜன்னல்களில் ஒவ்வொன்றாக விளக்குகள் எரிந்தன. ஜன்னல்கள் திறந்தன. இரவு உடுப்போடு, கலைந்த தலையோடு மனிதர்கள் எட்டிப் பார்த்தார்கள். எர்வின் ட்யூபாவைத் தலைக்கு நேரே பிடித்துக்கொண்டார். வாளித் தண்ணீர் வரவில்லை. ஒரு பெண் ஜன்னலில் நின்று அழுதாள். ஓர் ஆள் செருப்பில்லாமல் வாசலுக்கு ஓடி வந்து, "கடவுள் காக்கட்டும்! கடவுள் காக்கட்டும்!" என்று சுரங்கக்காரர்களின் வணக்கத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னார்.

வளைவு திரும்பியதும் டெக்லா மூன்றாவது மாடியைக் காட்டினாள். குழு நின்றது. பார்பரா பாட்டை ஊதினார்கள்.

ஜன்னல் திறக்கவில்லை. விளக்கும் எரியவில்லை.

கிந்தர் ஐயா டெக்லாவைப் பார்த்தார். அவள் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோலை மறுபடி உயர்த்தினார். இரண்டாம் முறையும் முதலில் இருந்து ஊதினார்கள். பாட்டு பாதி வந்தது. முக்கால் வந்தது. அந்த ஜன்னல் மட்டும் சுவரைப் போலவே இருந்தது.

வராமல் இருந்திருக்கலாமோ என்று டெக்லா நினைத்தாள். ஒருவேளை அவருக்கு இது இன்னும் வலிக்கிறதோ என்னவோ.

படாரென்று ஜன்னல் திறந்தது.

"எவன்டா அவன் ட்யூபா?"

மேலே வில்லிம் நின்றிருந்தார். ஒரு கை ஜன்னல் சட்டத்தில், இன்னொரு கை அலோய்ஸின் தோளில். முகத்தில் பல நாள் தாடி.

"நாந்தாங்க," என்றார் எர்வின்.

"பாட்டு நடுவுல இழுத்து மூச்சு வாங்கறியே, அங்கேயா வாங்குவாங்க? மாடிப்படி ஏறின கிழவன் மாதிரி!"

"குறை சொல்றவங்க இறங்கி வந்து ஊதிக் காட்டலாம்!"

"கால்லதான் கட்டு போட்டிருக்கு, வாயில இல்ல! ம், மறுபடி ஊது. நான் கை காட்டுறப்ப மூச்சு வாங்கு."

தெருவே சிரித்தது. மூன்றாம் முறை ஊதினார்கள். வில்லிம் ஜன்னல் விளிம்பில் உள்ளங்கையால் தாளம் தட்டினார். சரியான இடத்தில் கையைத் தூக்கினார். எர்வின் மூச்சு வாங்கினார். பாட்டு இதுவரை இல்லாத அளவுக்குக் கனத்து, தரையைத் தொட்டு எழுந்தது. அலோய்ஸின் முகத்தை டெக்லா பார்த்தாள். பிறகு வேறு எங்கோ பார்த்தாள். சில சமயம் நண்பனின் முகத்தை அதிகநேரம் பார்க்கக் கூடாது.

பாட்டு முடிந்ததும் அலோய்ஸ் கோட்டில் ஒரு கையும் வெளியே ஒரு கையுமாக ஓடி வந்தான்.

"எங்க போறீங்க? நானும் வரேன்!"

"வீடு முடியற இடத்துக்கு," என்றாள் டெக்லா.

ஹுட்னாவின் வீடுகளைத் தாண்டினார்கள். எர்வின் சொன்ன பூர்ச்ச மரங்கள் வந்தன. இருட்டில் வெள்ளை வெள்ளையாக நின்றன.

"இதோ, காடு! முடிஞ்சுது!" என்றார் எர்வின்.

பத்துப் பதினைந்து மரங்கள்தான். அவற்றுக்குப் பின்னால் ஒரு பேக்கரியின் மஞ்சள் வெளிச்சம் தெரிந்தது. அதன் பின்னால் அடுக்குமாடி வீடுகள், ஒன்றின் தோளில் ஒன்றாக.

"இதெல்லாம் எப்ப முளைச்சுது?" என்றார் எர்வின், காளான் தொலைந்த குரலில்.

"எப்பவோ," என்றார் கிந்தர் ஐயா. "நட."

சிவப்புக் கோடு போட்ட 'ஹுட்னா', பக்கத்தில் கோடு போடாத 'ஸ்காவா'. யாரும் தயங்கவில்லை. பேக்கரிக்காரம்மா மாவுக் கையோடு ஓடி வந்து, ஒரு தட்டு நிறையச் சுடச்சுட பன் கொடுத்தார். "நீங்க எந்தக் குழு?" என்று கேட்டார். "லிப்னிக்." "லிப்னிக்கா? அது எங்கயோ இருக்குன்னு நினைச்சேன்."

"இங்கதான் அக்கா, இதே ரோட்டுல," என்றான் அலோய்ஸ், வாயில் பன்னோடு.

நடந்தார்கள். ஊதினார்கள். வீடுகள் முடியவில்லை. வீடுகள் நிற்கும்போல் இருந்த இடத்தில் ஒரு பள்ளிக்கூடம் வந்தது. பள்ளிக்கூடம் முடிந்ததும் ஒரு தொழிற்சாலைச் சுவர். சுவர் முடிந்ததும் மறுபடி செங்கல் வீடுகள், சிவப்பு ஜன்னல்கள். டெக்லாவின் ஊரைப் போலவே, ஆனால் அவள் பார்த்தேயிராத முகங்களோடு. முதலில் அவளுக்குச் சிரிப்பு வந்தது. பிறகு சிரிப்பு அடங்கி வேறு ஏதோ வந்தது. வீட்டுச் சுவரில் இதுவரை கவனிக்காத ஒரு கதவைத் திறந்து, அதற்குள் இன்னொரு கதவு, அதற்குள் இன்னொரு கதவு என்று போய்க்கொண்டே இருப்பது மாதிரி.

கிளாரினெட்காரர் உட்கார்ந்துவிட்டார். "ஐயா, என் உதடு மரத்துப்போச்சு. எங்கதான் முடியுது இது?"

சாலை ஓரத்தில் பழைய சுரங்கக் கழிவைக் கொட்டிய மேடு ஒன்று இருந்தது. சின்ன மலை அளவு உயரம். மேலே ஏற ஒற்றையடிப் பாதை.

"ஏறிப் பார்த்துடலாம்," என்றாள் டெக்லா. "மேல போனா முடியற இடம் தெரியும்."

ஒருவர் பின் ஒருவராக ஏறினார்கள். அலோய்ஸ் எர்வினின் ட்யூபாவைப் பின்னால் இருந்து தள்ளினான். உச்சிக்கு வந்தபோது கீழ்வானம் வெளுத்திருந்தது.

எல்லாரும் கருவிகளைக் கீழே இறக்கினார்கள்.

ஒரு பக்கம் ஆளையும் கரியையும் மேலே இழுக்கும் சுரங்கத் தூண்கள், உச்சியில் பெரிய சக்கரங்களோடு. அவற்றின் பின்னால் கோபுரங்கள். கோபுரங்களின் பின்னால் புகைபோக்கிகள், அடுக்குமாடிகள், பாலங்கள், மறுபடி கோபுரங்கள். திரும்பினால் அந்தப் பக்கமும் அதேதான். எங்கேயோ ஒரு டிராம் கம்பியில் நீலப் பொறி பறக்க ஊர்ந்தது. லட்சக்கணக்கான ஜன்னல்களில் விளக்குகள் எரிந்தன. நடுநடுவே கறுப்பாகக் காடுகளும் குளங்களும் கிடந்தன. ஆனால் வீடுகள் அவற்றைச் சுற்றிக்கொண்டு மறுபக்கம் போய்க் கைகோத்துக்கொண்டன. பக்கத்துப் பெருநகரங்களில் பிதொம் எது, ஸப்ஜே எது, கத்தோவித்சே எங்கே தொடங்குகிறது, ஒன்றும் தெரியவில்லை. தொடுவானம்வரை ஒரே விழிப்பு.

"நம்ம வீடு எது?" என்று அலோய்ஸ் கிசுகிசுத்தான்.

டெக்லா தேடினாள். கண்டுபிடிக்க முடியவில்லை. பயமாக இருந்தது. பயத்தோடு சேர்ந்து சந்தோஷமாகவும் இருந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் இருக்கலாம் என்று அவளுக்கு இதுவரை தெரியாது.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது.

மிகத் தொலைவில், வடக்கே, ஒரு முரசு. பிறகு மேற்கே எக்காளம். இன்னும் எங்கோ, காற்று திரும்பும்போது மட்டும் கேட்கும்படியாக இன்னொன்று. ஒவ்வொரு ஊரிலும் ஒவ்வொரு குழு. எல்லாரும் தங்கள் தங்கள் கம்பம்வரை போய்த் திரும்பிக்கொண்டிருந்தார்கள். எல்லாரும் ஊதியது ஒரே பார்பரா பாட்டு.

கிந்தர் ஐயா தொப்பியைக் கழற்றினார். நரைத்த தலையில் பனி விழுந்தது. அவர் கவனிக்கவில்லை.

"ஐயா, இதுக்கெல்லாம் ஊத மூச்சு பத்தாதே," என்றார் எர்வின் மெல்ல.

கிந்தர் ஐயா குழுவின் பக்கம் திரும்பினார். கோலை உயர்த்தினார். உதடு மரத்தவர்களும் கருவியை எடுத்தார்கள். மேட்டின் உச்சியில் இருந்து நாலு திசைக்கும் ஊதினார்கள். முடித்துவிட்டுக் காத்திருந்தார்கள்.

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு வடக்கே இருந்த முரசு, அவர்கள் விட்ட இடத்தில் இருந்து தொடங்கியது.

பிற்பகலில்தான் டெக்லாவும் அலோய்ஸும் அவன் வீட்டுப் படியேறினார்கள். குழு டிராமில் ஏறி, ட்யூபாவுக்கு இடம் போதாமல் எர்வினை அடுத்த டிராமுக்கு அனுப்பிவிட்டு வந்திருந்தது.

வில்லிம் ஜன்னலோரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். தாடி மழித்திருந்தார். கட்டுப்போட்ட கால் ஒரு முக்காலியில் இருந்தது.

"எவ்வளவு நேரம்டா? எதுவரைக்கும் போனீங்க?"

"வீடு முடியற இடம்வரை போகணும்னு போனோம்பா," என்றான் அலோய்ஸ். "ஆனா முடியவே இல்ல. மேட்டு மேல ஏறிப் பார்த்தோம். அங்கேருந்தும் முடியல."

"எல்லாப் பக்கமும் ஊதறாங்க மாமா," என்றாள் டெக்லா. "நாங்க ஊதினதுக்குப் பதிலும் வந்துச்சு."

வில்லிம் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். எதிர்வீட்டுக் கூரை, அதன் பின்னால் இன்னொரு கூரை, அதன் பின்னால் புகை. வெகுநேரம் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் இந்த மௌனம் பழைய மௌனம் போல இல்லை என்று அலோய்ஸுக்குத் தெரிந்தது. அதனால் அவனும் காத்திருந்தான்.

கடைசியில் அவர் திரும்பினார்.

"அப்போ அடுத்த வருஷம், நாம இன்னும் சீக்கிரமா கிளம்பணும்."